மலம்புழா ராக் கார்டன்: அந்த வளையல்கள் எங்கிருந்து வந்தன?

கொழிஞ்சாம்பாறைக்காரன் (ஞாயிறு இரவு)

நேற்று அம்மாவையும் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு மலம்புழா போனேன். கொழிஞ்சாம்பாறையில் இருந்து பாலக்காட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மலம்புழாவுக்கு இன்னொன்று. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மலம்புழா என்றால் அணை, தொங்கு பாலம், ரோப்வே, பாம்புப் பண்ணை, அவ்வளவுதான். சின்ன வயதில் இருந்து எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் ராக் கார்டனுக்குள் கால் வைத்தது நேற்றுதான். அதுவும் பாப்பா, "மாமா, அங்க பொம்மை இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்ததால்.

உள்ளே எல்லாமே வேண்டாம் என்று தூக்கிப் போட்ட சாமான்கள். ஓட்டுச் சில்லு, டைல்ஸ் துண்டு, பழைய டப்பா, வளையல் துண்டு. அவற்றைச் சிமெண்டில் பதித்து ஆட்களாக ஆக்கியிருக்கிறார்கள். பாப்பா ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக்கொண்டே ஓடினாள். அம்மா ஒரு இடத்தில் நின்றுவிட்டார். வளையல் துண்டுகளை வரிவரியாகப் பதித்த ஓர் உருவத்தின் முன்னால்.

அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. காரியத்தன்று சித்திமார் சுற்றி நிற்க, அம்மா கையில் இருந்த கண்ணாடி வளையலை உடைத்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு திருவிழாவில் வளையல் கடை வந்தால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். நேற்று அந்த உருவத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். நான் கூப்பிடவில்லை. கடைசியில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இத்தனை வளையலை எங்க இருந்துப்பா எடுத்தாங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. செய்தவர் பெயர் நேக் சந்த் என்பது மட்டும் தெரியும். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

பொள்ளாச்சி மேற்கு

நானும் போயிருக்கிறேன் நண்பரே. உங்கள் அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நான் சண்டிகர் ராக் கார்டன் படங்களைப் பார்த்துவிட்டு, அதே ஆள் செய்தது நம் பக்கத்திலேயே இருக்கிறது என்று ஆசையாகப் போனேன். அது 40 ஏக்கர். இங்கே பத்து நிமிடத்தில் சுற்றி முடித்துவிட்டேன். மதிய வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. அப்புறம் அணைப் பூங்காவில் இருக்கும் பெரிய யட்சி சிலை பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். யட்சியைப் பார்க்க எத்தனை மைலும் போகலாம். ராக் கார்டனை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாளையார் முன்னாள் ராணுவம்

தம்பி கொழிஞ்சாம்பாறை, அம்மாவிடம் சொல்வதற்கு என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. சர்வீஸில் சண்டிகர் பக்கம் இரண்டு வருடம் இருந்தேன். விடுமுறை நாளில் வேறு எங்கும் போகமாட்டேன். அந்தத் தோட்டம்தான்.

நேக் சந்த் 1924ல் பிறந்தவர். பிறந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. 1947 பிரிவினையில் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தார். அப்போது சண்டிகர் என்ற புது நகரத்தை லெ கார்பூசியே என்ற பெரிய கட்டடக் கலைஞர் திட்டம் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த நகரத்துக்காக அங்கே இருந்த கிராமங்களை இடித்துத் தள்ளினார்கள். பொதுப்பணித் துறையில் சாலை இன்ஸ்பெக்டர் வேலையில் இருந்தவர் நேக் சந்த். ஊரை விட்டு வந்தவர், மற்றவர்களின் ஊர் மண்மேடாகக் கிடப்பதைத் தினமும் பார்த்திருக்கிறார். இடித்துப் போட்ட வீடுகளில் இருந்த உடைந்த பாத்திரம், பீங்கான், விளக்குச் சாமான், வளையல் எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டி எடுத்துப் போய், நகரத்தின் ஓரத்தில் காட்டுக்குள் சேர்த்தார். ஆற்றுப் படுகையில் கிடைத்த விசித்திரமான கற்களும் அதில் உண்டு.

அரசு நிலம், கட்டடமே கட்டக் கூடாத இடம். யாருக்கும் சொல்லவில்லை. 1957ல் ஆரம்பித்தார். பகலில் உத்தியோகம், இரவில் பழைய டயரைக் கொளுத்திய வெளிச்சத்தில் இந்த வேலை. சுமார் 18 வருடம் வெளியே தெரியாது. அதிகாரிகள் கண்ணில் பட்டபோது இடித்துவிடுவார்கள் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். ஆனால் 1976ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்கே அங்கே சம்பளத்தோடு பொறுப்பும் 50 வேலையாட்களும் கொடுத்தார்கள். 1983ல் தபால்தலை வந்தது. 1984ல் பத்மஸ்ரீ. 2015 ஜூன் 12 அன்று 90 வயதில் காலமானார்.

அதனால் அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: அந்த மனிதருக்கு வளையல் துண்டு என்பது யாரோ ஒருத்தி கையில் இருந்தது, அவள் வீடு இருந்த இடம். கடையில் வாங்கி உடைத்து ஒட்டியவர் இல்லை. குப்பையில் இருந்து பொறுக்கியவர்.

பொள்ளாச்சித் தம்பி, சண்டிகரில் அந்த 40 ஏக்கரில் என்னை நிறுத்தியது அளவு இல்லை. வாசல்கள். சில வாசல்களில் குனிந்துதான் நுழைய முடியும். ராணுவத்தில் விறைத்து நடந்து பழகிய உடம்பு, அங்கே போனால் தானாகக் குனியும். குனிந்து நிமிர்ந்தால் எதிரே நூற்றுக்கணக்கான பொம்மை முகங்கள் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும். மலம்புழாவில் அவர் கைமணம் சின்ன அளவில் இருக்கிறது. காலையில் போங்கள். வெயிலில் போனால் கோயில் சிற்பம்கூடக் கண்ணுக்குப் பிடிக்காது.

கல்பாத்தி வீடு

கொழிஞ்சாம்பாறைத் தம்பி, உன் பதிவைப் படித்ததில் இருந்து சமையல் வேலையே ஓடவில்லை.

என் பாட்டிக்கு முப்பது வயதில் அந்தக் காரியம் நடந்தது. வளையல் உடைத்த துண்டுகளைக் கொல்லையில் போட்டார்களாம். மறுநாள் கூட்டும்போது ஒரு பச்சைத் துண்டு அகப்பட்டதை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தார். சாகும்வரை யாரிடமும் காட்டவில்லை. அவர் போன பிறகு பானையைக் கழுவியபோதுதான் எங்களுக்குக் கிடைத்தது. அதை நாங்களும் தூக்கிப் போடவில்லை, பூஜை அறையில் இருக்கிறது. நம் வீடுகளில் உடைந்த வளையல் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்பார்கள். அதே துண்டை ஒருவர் எடுத்து ஒரு பெண்ணுக்குச் சேலையாகக் கட்டிவிட்டார் என்றால், அம்மா ஏன் நகராமல் நின்றார் என்பது எனக்குப் புரிகிறது.

வளைகாப்பில் உடைகிற வளையலும் இருக்கிறது. கை நிறைய அடுக்கும்போது நாலு உடையும், யாரும் வருத்தப்படமாட்டார்கள். இரண்டு துண்டும் குப்பையில் ஒன்றாகத்தானே கிடக்கும். எது எந்த வீட்டில் இருந்து வந்தது என்று எடுக்கிறவருக்கு எப்படித் தெரியும்? தெரியாமலேயே எல்லாவற்றையும் ஒரே உடம்பில் பதித்திருக்கிறார்.

பொள்ளாச்சி மேற்கு

அக்கா, இதைப் படித்த பிறகு என் பத்து நிமிடத்தைப் பற்றி எனக்கே வருத்தமாக இருக்கிறது. மறுபடி போகிறேன். வாளையார் ஐயாவுக்கும் நன்றி.

சித்தூர் மேஸ்திரி

வணக்கம். நான் இங்கே அதிகம் எழுதுகிறவன் இல்லை. 26 வருடமாகக் கரண்டி பிடிக்கிறேன். வேலை விஷயமாக மலம்புழா பக்கம் போகும்போதெல்லாம் அந்தத் தோட்டத்துக்குள் போய்வருவேன். கொத்தனார் கண்ணில் அது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

உள்ளே ஓர் எலும்புக்கூடு வேண்டும். நேக் சந்த் அதற்குப் பழைய இரும்பு, குழாய், சைக்கிள் உடம்பு என்று கிடைத்ததைப் பயன்படுத்தியவர். சைக்கிள் சீட்டு சில மிருகங்களுக்குத் தலையாக இருக்கும், ஃபோர்க் காலாக இருக்கும். அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த கலவையைத் தட்டித் தட்டி உடம்பு ஏற்ற வேண்டும். கடைசிப் பூச்சு நல்ல சிமெண்ட். அது ஈரமாக இருக்கும்போதே துண்டைப் பதிக்க வேண்டும். கலந்து அரை மணி, முக்கால் மணிக்குள் பதித்து முடிக்கவில்லை என்றால் கலவை பிடிக்காது. அதனால் ஒரு முகத்துக்கு எவ்வளவு கலவை என்று மனக்கணக்கு வேண்டும். ஒருவர் கலக்க, ஒருவர் துண்டை எடுத்துக் கொடுக்க, ஒருவர் பதிக்க. பேச நேரம் கிடையாது.

ஓட்டுச் சில்லு சுலபம். பின்பக்கம் சொரசொரப்பு, தண்ணீரைக் குடிக்கும், சிமெண்டைக் கவ்விக்கொள்ளும். டைல்ஸிலும் பளபளப்பை வெளியே விட்டுச் சொரசொரப்பை உள்ளே வைத்தால் நிற்கும். கண்ணாடி அப்படி இல்லை. அது தண்ணீர் குடிக்காது. சிமெண்ட் அதன் மேல் ஒட்டாது, விளிம்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்துத்தான் நிறுத்தும். வளையல் துண்டோ மெலிசு, வளைவு வேறு. ஆழமாக அழுத்தினால் மூழ்கிப் போகும், நிறம் தெரியாது. மேலோட்டமாக வைத்தால் முதல் மழையில் கழன்றுவிடும். நூல் பிடித்த மாதிரி வரிசையாக, எல்லாத் துண்டும் ஒரே ஆழத்தில் இருக்கிற உருவத்தைப் பார்த்தால் நான் தொப்பியைக் கழற்றிவிடுவேன். நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு முழம் நகரும் வேலை அது.

தம்பி, உங்கள் அம்மா அடுத்த முறை வந்தால் அருகில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். துண்டுகளின் முனை எல்லாம் உள்ளே போயிருக்கும், வளைந்த முதுகு வெளியே இருக்கும். கை பட்டாலும் கிழிக்காதபடி செய்யும் முறை அது. குழந்தைகள் வருகிற இடம் என்று நினைத்துச் செய்பவன்தான் அந்தச் சிரமம் எடுப்பான்.

வடகரப்பதி டீச்சர்

மேஸ்திரி அண்ணா, உங்கள் பதிவை எங்கள் ஏழாம் வகுப்புக்கு அப்படியே படித்துக் காட்டப் போகிறேன். தமிழ் மீடியம் பள்ளி. பிள்ளைகளின் அப்பாமார் பாதிப் பேர் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். தங்கள் அப்பா பிடிக்கிற கரண்டியால் இதுவும் செய்யலாம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மலம்புழாவுக்கு வருடா வருடம் கூட்டிப் போகிறோம். அணையின் கதையைச் சொல்லுவேன். 1949ல் பக்தவத்சலம் அடிக்கல் நாட்டியது, 1955ல் காமராஜர் திறந்துவைத்தது, அப்போது பாலக்காடு சென்னை மாநிலத்தில் இருந்தது என்றெல்லாம். அதோடு மீன் வடிவ அக்வேரியம், ரோப்வே, திரும்பிவிடுவோம். யட்சி பக்கம் போகவே மாட்டோம், அது உடையில்லாத சிலை. பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று எனக்கும் உடன் வரும் டீச்சர்களுக்கும் பயம். ராக் கார்டனுக்கு இந்த முறை கட்டாயம் போவேன். யட்சியைப் பற்றி இங்கே இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? 12 வயதுப் பிள்ளைகள்.

கல்பாத்தி வீடு

டீச்சர், என் அனுபவம் சொல்கிறேன். பத்து வயதில் பாட்டியோடு போனேன். யட்சி பக்கம் வந்ததும் பாட்டி முந்தானையால் என் கண்ணை மூடினார். மூடியதால்தான் எனக்கு அது அசிங்கம் என்று பட்டது. அதுவரை அது மலை மாதிரி ஒரு பெரிய அம்மா என்றுதான் நினைத்தேன். கல்யாணமான பிறகு தனியாகப் போய் உட்கார்ந்து பார்த்தேன். 30 அடி உயரம். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கையும் கூந்தலுக்குள், கண் பாதி மூடி. நம்மைப் பார்ப்பதே இல்லை. மலையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். வெட்கம் பார்க்கிறவர்களிடம்தான் இருக்கிறது, அவளிடம் இல்லை.

வாளையார் முன்னாள் ராணுவம்

செய்தவர் கானாயி குஞ்ஞிராமன். காசர்கோடு பக்கத்துக்காரர். 1969ல் யட்சியை முடித்தபோது வயது முப்பத்தொன்றோ இரண்டோ இருக்கும். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்து, பிறகு லண்டன் ஸ்லேட் கலைப் பள்ளிக்குப் போய் வந்தவர். பணிக்கர்தான் 1966ல் சென்னைக்கு வெளியே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை ஆரம்பித்தவர். யட்சி எழும்பியபோது எதிர்ப்பு பலமாக வந்தது. உடையில்லாத சிலை பொது இடத்தில் வேண்டாம் என்றார்கள். ஆனால் நின்றுவிட்டது. 2019ல் 50 வருடம் நிறைந்ததை விழாவாகவே கொண்டாடினார்கள். திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் படுத்திருக்கும் சாகரகன்னிகையும் அவர் செய்ததுதான், 87 அடி நீளம்.

ஒரே ஊரில் இரண்டு பேரின் வேலை இருக்கிறது பாருங்கள். ஒருவர் லண்டன் வரை போய்ப் படித்தவர். இன்னொருவர் எந்தக் கலைப் பள்ளி வாசலும் மிதிக்காதவர். இருவர் கையிலும் சிமெண்ட்தான். பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டுங்கள் டீச்சர்.

பொள்ளாச்சி மேற்கு

எனக்கு ஒரு சந்தேகம். இந்த மாதிரி வேலை எத்தனை வருடம் தாங்கும்? நம் பக்கத்து மழையும் வெயிலும் சாதாரணமா? துண்டு விழுந்தால் புதுசு ஒட்டலாமா? ஒட்டினால் அது நேக் சந்த் செய்ததாக இருக்குமா?

சித்தூர் மேஸ்திரி

நல்ல கேள்வி. பொதுவாகச் சொல்கிறேன். பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயிலில் சிமெண்ட் கொதிக்கும், ராத்திரி குளிரும். மயிரிழை அளவு வெடிப்பு விழும். இடவப்பாதி என்கிற ஜூன் மாதப் பருவமழை தொடங்கினால் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க் கம்பியைத் தொடும். துருப்பிடித்த இரும்பு பழைய பருமனில் நிற்காது, வீங்கும். வீங்கினால் மேலே இருக்கிற பூச்சை உள்ளிருந்து தள்ளும். துண்டு விழுவது அதனால்தான். அதனால் விழுந்த துண்டை மட்டும் ஒட்டுவது வீண் வேலை. வெடிப்பைத் திறந்து, துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு அடித்து, அப்புறம்தான் கலவை.

பாசியைத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் வைத்து எடுக்க வேண்டும். ஆசிட் ஊற்றினால் பாசியோடு சிமெண்டையும் தின்றுவிடும். இரும்புப் பிரஷ் கீறல் போடும், கீறலில் அடுத்த பாசி வளரும். பெயிண்ட் அடிப்பது எல்லாவற்றையும்விட மோசம். ஓட்டுக்கும் கண்ணாடிக்கும் சொந்த நிறம் இருக்கிறது.

புதுசு ஒட்டலாமா என்றால், என் மனசு வேண்டாம் என்கிறது. விழுந்த துண்டு கிடைத்தால் அதையே வைக்கலாம். கிடைக்காவிட்டால் பள்ளமாகவே விடலாம்.

கல்பாத்தி வீடு

மேஸ்திரி அண்ணா, இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்ததே, உடைந்த இடத்தில் உடைந்த வேறொன்றை வைத்ததுதானே? கோயில் சிலை என்றால் சரி, தொடக் கூடாது. இது குப்பையில் இருந்து பிறந்தது. இங்கே ஒரு துண்டு போனால், பாலக்காட்டுக் குப்பையில் இருந்து இன்னொன்று ஏறட்டும்.

வடகரப்பதி டீச்சர்

நானும் அக்கா பக்கம்தான். பிள்ளைகள் வீட்டில் இருந்து ஆளுக்கு ஒரு உடைந்த சாமான் கொண்டுவந்து பள்ளி மதிலில் பதிக்கலாம் என்று யோசிக்கிறேன். தோட்டத்தில் கை வைக்க வேண்டாம், மதில் நம்முடையதுதானே.

சித்தூர் மேஸ்திரி

மதிலுக்கு நான் வருகிறேன் டீச்சர், கூலி வேண்டாம். மணலும் இரண்டு மூட்டை சிமெண்டும் மட்டும் பாருங்கள். பதித்த பிறகு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும், அதைப் பிள்ளைகளே மாறி மாறிச் செய்யட்டும். ஆனால் அவர் செய்த உருவத்தில் மட்டும் என் கை படாது. அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த வரிசையை என்னால் அதே போல வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

வாளையார் முன்னாள் ராணுவம்

இதைக் கேட்டால் சண்டிகர் ஞாபகம் வருகிறது. 1990ல் அந்தத் தோட்டத்தின் வழியாக ரோடு போட புல்டோசர் வந்தபோது ஊர் மக்களே வரிசையாக நின்று மறித்தார்கள். 1996ல் அவர் வெளிநாடு போயிருந்த சமயத்தில் சிலைகளை உடைத்துப் போட்டார்கள். 2025ல் ரோடு அகலப்படுத்துவதற்காக மதிலின் ஒரு பகுதியை இடித்தார்கள், அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ஒட்டுவதா வேண்டாமா என்பது அப்புறம் தம்பி. நிறையப் பேர் போய்ப் பார்க்கிற இடமாக இருந்தால்தான் நாளைக்கு மறிக்க ஆள் வரும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் (வியாழன்)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் பதிவுகளை அம்மாவுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். வாளையார் ஐயா எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். கல்பாத்தி அக்காவின் பாட்டி கதை வந்தபோது எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அந்தம்மா பச்சைத் துண்டைத்தான் எடுத்தாங்களா?" என்று கேட்டார். பச்சைதான் என்றேன். "எனக்கும் பச்சைதான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மேஸ்திரி அண்ணா, முனை உள்ளே போயிருக்கும் என்று நீங்கள் எழுதியதைப் பார்க்க வேண்டுமாம். இந்த ஞாயிறு மறுபடி போகிறோம். உங்களால் வர முடியுமா? அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று நீங்களே சொன்னால் நன்றாக இருக்கும்.

சித்தூர் மேஸ்திரி

வருகிறேன் தம்பி. காலையிலேயே அங்கே இருக்க வேண்டும், வெயில் ஏறினால் கண்ணாடித் துண்டு கண்ணைக் கூசும், ஆழம் தெரியாது. பாலக்காடு ஸ்டாண்டில் மலம்புழா பஸ் நிற்கும் இடத்தில் நிற்கிறேன். அம்மாவுக்குக் குடை எடுத்து வாருங்கள்.

பொள்ளாச்சி மேற்கு

நானும் வரலாமா?

சித்தூர் மேஸ்திரி

வாருங்கள்.